பூட்டாத கதவுகளைத் தேடி நடந்தவர்

அந்தக் கடைவீதியில் சாவிக்காரரின் கடையைக் கடை என்று சொல்வது கொஞ்சம் மரியாதைக்காகத்தான். இந்தப் பக்கம் டீக்கடை, அந்தப் பக்கம் செருப்புக்கடை, நடுவில் கட்டடம் கட்டியவர்கள் மறந்துபோய் விட்டுவிட்ட ஒரு சந்து. அதற்கு மேலே ஒரு தகரம், முன்னால் ஒரு பலகை, பலகையின் ஓரத்தில் சாவி வெட்டும் மெஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். கடை போட்ட புதிதில் சிட்டுக்குருவி மாதிரி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தார். இப்போது உள்ளே போக வேண்டுமானால் முதலில் வலது தோள், பிறகு ஒரு பெருமூச்சு, அதன் பிறகு வயிறு, கடைசியில் மிச்சமுள்ள ஆள்.

"அண்ணே, ஒருநாள் உள்ள போய் மாட்டிக்கிட்டீங்கன்னா சுவரை இடிச்சுத்தான் உங்களை எடுக்கணும்" என்பார் டீக்கடைக்காரர்.

"இடிக்கிறதா இருந்தா உன் பக்கத்துச் சுவரை இடி. டீயை நீ கொண்டாந்து தர வேண்டியதில்ல, நானே கையை நீட்டி எடுத்துக்குவேன்."

இந்த வயிறு வந்தது கடந்த சில வருடங்களுக்குள்தான். அதற்கு முன் அவர் குச்சி. குச்சியாக இருந்த காலம் நல்ல காலம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்போது அவர் தலைக்குள் ஒரு குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு 'மாடிவீட்டுக்காரர்' என்று அவரே பெயர் வைத்திருந்தார். அவர் குடியிருந்தது அக்கா வீட்டில். அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. ஆனாலும் மாடிவீட்டுக்காரர் விடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். சோற்றில் என்னவோ கலக்கிறார்கள் என்பார். எழுந்து நட என்பார். இவரும் தட்டைத் தள்ளிவிட்டு, செருப்புகூடப் போடாமல் கிளம்பிவிடுவார். அக்காவின் கணவரான மாமா மொபெட்டை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகத் தேடுவார். சிலசமயம் பஸ் டிப்போவில் கிடைப்பார், சிலசமயம் ஊர் எல்லையில்.

மாத்திரைகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றுக்குக் கை நடுங்கியது. இன்னொன்றுக்கு நாக்கு குழறியது. மாடிவீட்டுக்காரர் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் ஒரு மாத்திரை வந்தது; ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார்கள். சில மாதங்கள் போயின. ஒருநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதை மட்டும்தான் கேட்டது. வேறு எந்தச் சத்தமும் இல்லை.

"அக்கா! குழாய் சொட்டுது அக்கா!" என்று கத்தினார்.

அக்கா போட்டது போட்டபடி ஓடிவந்தாள். குழாய் சொட்டுவதற்காக ஒரு மனிதன் இப்படிச் சந்தோஷப்படுவானா என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாடிவீட்டுக்காரர் காலி செய்த இடத்தில் பசி குடிவந்தது. அந்த மாத்திரையின் குணம் அப்படி. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்கும். வாய் வறண்டுபோகும், வறண்ட வாய்க்குக் கலர் சோடா பாட்டில் ஒன்று, அதுவும் போதாமல் இன்னொன்று. அக்காவுக்கோ அவர் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது. ஒரு வாய் சாப்பிடச் சொல்லி அவனிடம் கெஞ்சிய கை அல்லவா அவளுடையது? தட்டு காலியானால் தம்பி நல்லா இருக்கிறான் என்று அர்த்தம். அதுதான் அந்த வீட்டின் ஒரே சட்டம். தெருவுக்கும் அந்தச் சட்டம் தெரியும். டீக்கடைக்காரர் இரண்டு ஸ்பூனுக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போடுவார். பூட்டுத் திறக்கக் கூப்பிட்ட வீடுகளில் கூலியோடு பலகாரமும் வரும். ஊரே சேர்ந்து ஊட்டி வளர்த்த வயிறு அது.

அந்த வயிற்றுக்குத்தான் ஒருநாள் ஆஸ்பத்திரியில் கணக்குக் கேட்டார்கள்.

மனநலப் பிரிவில் எடை பார்க்கும் நர்ஸ் ஒருவர் உண்டு. எல்லாரும் அவரைத் 'தராசம்மா' என்பார்கள். அவர் முள்ளைப் பார்த்தார், ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், நேராக டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"சர்க்கரை எல்லையில நிக்குது. கொழுப்பும் ஏறிடுச்சு. இப்படியே போனா இந்த மாத்திரையை நான் மாத்த வேண்டி வரும். அடுத்த தடவை வரும்போது பார்க்கலாம். அதுக்குள்ள எடை இறங்கணும்."

சாவிக்காரருக்கு வாய் மட்டுமல்ல, உடம்பே வறண்டுவிட்டது. "அதை மட்டும் மாத்தாதீங்க டாக்டர். வேற என்ன வேணும்னாலும் மாத்துங்க. சட்டையை மாத்துங்க, கடையை மாத்துங்க."

"அப்போ சாப்பாட்டை மாத்துங்க" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் தராசம்மா நிறுத்தி வைத்துச் சொன்னார். கலர் பாட்டிலை மறந்துவிட வேண்டும், வாய் வறண்டால் தண்ணீர்தான். டீயில் சர்க்கரை கூடாது. பாதித் தட்டுக்குக் காய். தினமும் வேர்க்கிற மாதிரி நடை. "பட்டினி கிடக்காதீங்க. மாத்திரையை ஒருநாள்கூட விடாதீங்க. வீட்ல அக்காகிட்ட சொல்லுங்க, அவங்கதான் உங்களுக்குத் துணை."

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர், கடைசிப் பேச்சை மட்டும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காவிடம் என்னவென்று சொல்வது? 'உன் சாப்பாட்டால் எனக்குச் சர்க்கரை வரப்போகிறது, அதனால் மாத்திரை போகப்போகிறது' என்றா? அன்றோடு அவள் தூக்கம் போய்விடும். சத்தம் போடாமல் உடம்பைக் குறைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மாத்திரையைக் காப்பாற்றிக்கொள்வது என்று முடிவுகட்டினார்.

மறுநாள் டீக்கடையில் ஆரம்பித்தார். "எனக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு."

ஆற்றிக்கொண்டிருந்த டீ கைக்கும் கைக்கும் நடுவில் நின்றது. டீக்கடைக்காரர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து, குழந்தையிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "அண்ணே, சர்க்கரையில யாராவது ஏதாவது கலந்திருப்பாங்கன்னு தோணுதா?"

"யோவ், சர்க்கரையில சர்க்கரை இருக்குய்யா. அதான் வேணாம்."

டீக்கடைக்காரர் சிரித்துவைத்தார். ஆனால் அந்தச் சிரிப்பில் நம்பிக்கை கம்மி.

வீட்டில் நிலைமை இன்னும் மோசமானது. இரவுச் சாப்பாட்டின்போது பொரியலில் எண்ணெய் மினுமினுத்தது. எத்தனை கரண்டி எண்ணெய் என்று தெரிந்துகொள்ளத்தான் நினைத்தார். வாயில் வந்ததோ வேறு மாதிரி. "அக்கா, இதுல என்ன போட்டிருக்கே?"

அக்காவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். பல வருடங்களுக்கு முன் இதே வீட்டில், இதே இடத்தில், எல்லாம் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தது.

"காய்டா. வெறும் காய். நான் வேணா முதல்ல சாப்பிட்டுக் காட்டட்டுமா?"

"வேணாம் வேணாம், சும்மாதான் கேட்டேன்" என்று அவர் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்தார். சோற்றை ஒதுக்கியது அந்தக் கேள்வியைவிடப் பெரிய வினை. அன்றிலிருந்து அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள்.

அடுத்தது நடை. காலையில் நடக்க முடியாது. இரவு போட்ட மாத்திரை காலையில் அவரை நனைந்த சாக்கு மூட்டை மாதிரி கிடத்திவிடும். சாயங்காலம்தான் உடம்பு அவர் பேச்சைக் கேட்கும். ஆனால் சாயங்காலம் தெரு முழுக்க ஆட்கள். 'அந்த ஆள் மறுபடி நடக்க ஆரம்பிச்சுட்டார்' என்று ஒரு வாய் சொன்னால் போதும், அரை மணியில் அக்கா காதுக்குப் போய்விடும். யோசித்துப் பார்த்தார். கருவிப்பையைத் தோளில் மாட்டினார். பையோடு நடக்கிற மனிதனை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பூட்டுத் திறக்கப் போகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"தண்ணித் தொட்டிப் பக்கம் ஒரு வீட்ல சாவி உள்ள மாட்டிக்கிச்சாம்."

அடுத்த நாள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் பீரோ பூட்டு. அதற்கடுத்த நாள் ரயில்வே கேட் அருகே யாரோ சாவியைத் தொலைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். "என்னண்ணே, ஊர்ல இத்தனை பேரா சாவியைத் தொலைக்கிறாங்க? அதுவும் சொல்லிவச்ச மாதிரி சாயங்காலத்துல?"

"காலம் கெட்டுக்கிடக்குதுய்யா. யாருக்கும் ஞாபகம் நிக்கிறதில்ல."

டீக்கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. மாமாவிடம் காதைக் கடித்தார். மாமா மொபெட்டை எடுத்தார்.

மைத்துனன் வேகமாக நடந்தான். மாமா மொபெட்டை நடை வேகத்தில் ஓட்டி, தெருமுனைகளில் ஒளிந்து ஒளிந்து பின்தொடர்ந்தார். சாவிக்காரர் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினார். மைதானத்தைச் சுற்றினார். வேர்த்து ஒழுக, வாயில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, கையை வீசி வீசி நடந்தார். முணுமுணுத்தது என்னவென்றால், 'இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுதான். தூரத்திலிருந்து பார்த்த மாமாவுக்கு அது எப்படிக் கேட்கும்? அவர் கண்ணுக்குப் பழைய மைத்துனன்தான் தெரிந்தான். காலில் செருப்பு இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று மாமாவும் அக்காவும் சமையலறையில் கிசுகிசுவென்று பேசினார்கள். "மாத்திரையை முழுங்கற மாதிரி முழுங்கிட்டுத் துப்பிடறான் போல இருக்கு" என்றார் மாமா. என்ன செய்ய வேண்டும் என்பது அக்காவுக்குத் தெரியும். முன்பு செய்ததுதான்.

மறுநாள் சாயங்காலம் மழை தூறியதால் சாவிக்காரர் பாதி நடையில் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு கிண்ணத்தில் பருப்பு. பக்கத்தில் ஒரு காகிதம், அதில் அவருடைய மாத்திரை. ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தி, ஓரத்தில் சிதறியதை விரலால் கூட்டி, மறுபடி அழுத்தி மாவாக்கிக்கொண்டிருந்தாள். முதல் தடவை செய்கிற கையின் தடுமாற்றம் அந்தக் கையில் இல்லை.

"அக்கா."

திரும்பியவளின் முகம் வெளுத்துவிட்டது.

"இதைப் பழகியிருக்கே நீ" என்றார் அவர்.

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "என்ன பண்ணச் சொல்றே? அப்போ நீ மாத்திரைன்னாலே தூக்கி எறிவே. செத்துப் போயிடுவியோன்னு பயந்து, சோத்துல வச்சுக் கொடுத்தேன். மாசக்கணக்கா கொடுத்தேன். இப்போ மறுபடி சாப்பிட மாட்டேங்கறே, என்ன போட்டேன்னு கேக்கறே, பையை மாட்டிக்கிட்டு ஊரைச் சுத்தறே..."

சாவிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமா வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வரலாமா போகலாமா என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்போ சோத்துல நிஜமாவே கலந்திருந்தீங்க."

"ஆமாடா."

"நான் எத்தனை பேர்கிட்ட சொன்னேன்! டாக்டர்கிட்ட சொன்னேன். மாமாகிட்ட சொன்னேன். ரோட்ல நின்ன போலீஸ்காரர்கிட்டகூடச் சொன்னேன். 'சோத்துல கலக்கறாங்க சார்'னேன். ஒருத்தர் நம்பலியே!" தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து அக்கா கிட்டே போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீரும் இருந்தது. எது எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது. "அவ்வளவு பைத்தியத்துலயும் ஒரு விஷயம் சரியாத்தான் சொல்லியிருக்கேன். ஏன் அக்கா, எதிர் வீட்டுப் பூனை நம்ம வீட்டை வேவு பாக்குதுன்னு சொன்னேனே, அதுவும் நிஜமா?"

"அது இல்லடா! அது வெறும் பூனைடா!" என்று அக்கா அழுகையோடு கத்தினாள். மாமாவால் அடக்க முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே சிரித்துவிட்டார்.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் சொன்னது, மாத்திரை போய்விடுமோ என்ற பயம், சர்க்கரை இல்லாத டீ, பூட்டாத வீடுகள், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிய சுற்றுகள். "முழுங்காம துப்பறேன்னு நினைச்சியா? அந்த மாத்திரை என்கிட்டயே இருக்கணும்னுதான் அக்கா நாக்கைக் கட்டிக்கிட்டுக் கிடக்கேன். ஏற்கெனவே ஒண்ணு போட்டுக்கறேன். இதுல நீ ஒண்ணு கலந்து கொடுத்திருந்தா ரெண்டாயிருக்கும். அது விளையாட்டு மருந்து இல்ல."

அக்கா காகிதத்தை எடுத்து அந்தப் பொடியைக் கொட்டப் போனாள். அப்புறம் பயந்துபோய், தொடாமல் அப்படியே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் தராசம்மாவிடம் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து நன்றாகத் திட்டு விழுந்தது, கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இனிமே இதுல என்ன போட்டிருக்கேன்னு அவன் கேட்டா நான் என்னம்மா செய்யறது?" என்றாள்.

"என்ன போட்டீங்களோ அதைச் சொல்லுங்க" என்றார் தராசம்மா.

அன்றே அக்காவுக்கும் தம்பிக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. சாப்பாட்டில் உப்புக்கு மேல் எதுவும் தெரியாமல் விழாது. அவர் எங்கே போனாலும் சொல்லிவிட்டுத்தான் போவார். தூக்கம் கெட்டாலோ, மாடிவீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் லேசாகக் கேட்டாலோகூட, முதலில் அக்காவிடம் வந்து சொல்வார். மாமாவும் தன் பங்குக்கு, மொபெட்டில் ஒளிந்து ஒளிந்து வர மாட்டேன் என்று சத்தியம் செய்தார். "ஒளிஞ்சா தெரியாமப் போறதுக்கு உங்க மொபெட் என்ன, சைக்கிளா? ஊருக்கே கேக்குது. யாரோ என்னைத் தாண்டத் தெரியாம வர்றாங்கன்னு நினைச்சேன்" என்றார் சாவிக்காரர்.

அக்கா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. ஊட்டியபோது எப்படி ஊட்டினாளோ அப்படியே இப்போது கட்டுப்பாடும் போட்டாள். எண்ணெய் பாட்டில் மேல்தட்டுக்குப் போனது. வீட்டில் பூசணி, சுரை, கீரை என்று பச்சை வாசனை. கலர் பாட்டில் இருந்த இடத்தில் மண்கூஜா. "சர்க்கரை வரப்போறது அவனுக்கு. பத்தியம் எனக்குமா?" என்று மாமா முனகினார். "தனித்தனியா சமைக்க நான் என்ன ஓட்டலா நடத்தறேன்?" என்றாள் அக்கா. எந்தப் பாத்திரத்தில் என்ன போட்டோம் என்று தட்டில் விழும் முன்பே ஒப்பிப்பாள். ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும்.

தெருவுக்கும் விஷயம் தெரிந்தது. டீக்கடைக்காரர்தான் அதிகம் வருத்தப்பட்டார். "நான்தாண்ணே மூணு ஸ்பூன் போட்டு உங்களைக் கெடுத்தேன்" என்று, சர்க்கரை இல்லாத டீயில் இஞ்சியை நசுக்கிப் போட்டுக் கொடுத்தார். அது வாயில் வைக்க முடியாமல் இருந்தது. குடித்தார்.

இப்போது ஒளிவுமறைவு இல்லை என்றாலும் கருவிப்பையை அவர் விடவில்லை, தோள் பழகிவிட்டது. அதில் ஒரு வேடிக்கை நடந்தது. தினமும் பையோடு போகிற மனிதரைப் பார்த்துப் பார்த்து, தண்ணீர்த் தொட்டித் தெருவில் ஒரு வீட்டில் நிஜமாகவே கூப்பிட்டார்கள்: கேட் பூட்டு துருப்பிடித்திருந்தது. மைதானத்துப் பக்கம் ஒரு பீரோ. இன்னொரு தெருவில் மேஜை டிராயர். அவர் சொன்ன பொய்கள் எல்லாம் ஒவ்வொன்றாக நிஜமாகிக்கொண்டிருந்தன. முன்பு வண்டி அனுப்பினால்தான் வருவேன் என்றவர், இப்போது வண்டி அனுப்பினாலும் நடந்துதான் வந்தார்.

எல்லா நாளும் நல்லபடியாகப் போகவில்லை. அடைமழை பிடித்த வாரத்தில் நடை நின்றது, பசி மட்டும் நனையாமல் வந்தது. கடைக்குள் குனிந்து உட்கார்ந்து ஒரு பாக்கெட் கிரீம் பிஸ்கெட்டையும் மூச்சுவிடாமல் தின்று தீர்த்தார். ஒப்பந்தப்படி வீட்டுக்கு வந்து ஒத்துக்கொண்டார். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து நின்றார். "முழு பாக்கெட்டுமா?" என்றாள் அக்கா. "முழுசும்." "சரி, மழை விட்டதும் கிளம்பு" என்றாள். அவ்வளவுதான். அன்று இரவு அவர் படுத்தபடி யோசித்தார்: ஒரு தப்பைச் சொல்லிவிட்டுத் தூங்குவது இவ்வளவு சுகமா?

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் வந்தது. மூன்று பேரும் போனார்கள். தராசில் ஏறும் முன் சாவிக்காரர் பையிலிருந்த சில்லறையைக்கூட எடுத்து மாமா கையில் கொடுத்தார். முள் ஆடி நின்றது. தராசம்மாவின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அந்த முகத்தை அவர் அதற்கென்றே வைத்திருந்தார்.

டாக்டர் தாள்களைப் புரட்டினார். அக்கா மூச்சை எங்கோ வைத்துவிட்டு வந்தவள் போல நின்றாள்.

"எடை கொஞ்சம்தான் இறங்கியிருக்கு" என்றார் டாக்டர்.

சாவிக்காரர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கினார்.

"ஆனா சர்க்கரை எல்லையை விட்டுக் கீழ இறங்கியிருக்கு. கொழுப்பும் குறைஞ்சிருக்கு. எடை மெதுவா இறங்கறதுதான் நல்லது. இதை விடாமப் பண்ணணும், அடுத்த தடவையும் பார்ப்பேன்." பேனாவைத் திறந்தார். "மாத்திரையை மாத்த வேண்டாம். அதுவே இருக்கட்டும்."

"இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர்" என்றாள் அக்கா.

"அதுவே இருக்கட்டும்மா."

சாவிக்காரர் டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு தராசம்மாவுக்கு ஒன்று. நிதானம் தவறி மாமாவுக்கும் ஒன்று போட்டுவிட்டார்.

வெளியே வரும்போது தராசம்மாவின் கண் மாமாவின் சட்டைப் பட்டன்களில் நின்றது. "சார், நீங்களும் சும்மா ஒரு தடவை ஏறுங்களேன்."

"நான் எதுக்கும்மா? எனக்கு என்ன?"

"ஏறுங்க மாமா, கடிக்காது" என்றார் சாவிக்காரர்.

மாமா ஏறினார். முள், மைத்துனனுக்கு நின்ற இடத்தைத் தாண்டி, சாவகாசமாக இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது. வீட்டுப் பூசணிக்காய்க்குப் பழிவாங்க அவர் ஆபீஸ் கேன்டீனில் தினமும் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது அந்த இடத்திலேயே அம்பலமானது.

"வீட்டுக்கு வாங்க" என்றாள் அக்கா. அந்த இரண்டு வார்த்தைகளே போதுமாக இருந்தன.

திரும்பும்போது யாரும் பஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. சாவிக்காரர் முன்னால் நடந்தார். அக்கா, கொஞ்சம் மெதுவாகப் போடா என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தாள். அவளுக்கும் பின்னால் மாமா மொபெட்டைத் தள்ளிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, இந்த வண்டியை ஏன் எடுத்துவந்தோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். சாவிக்காரர் வழியில் ஒரே ஒரு தடவைதான் நின்றார், மருந்துக்கடையில். வாங்கிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதே நிறம், அதே அளவு. சட்டைப் பையில் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தார்.